ஒரே படை, பல தலைநகரங்கள்: அமைதிப்படையில் கட்டளை உண்மையில் யார் கையில்?

கேள்வி இது: போர் ஓய்ந்த ஒரு நாட்டுக்கு அமைதி காக்கப் பல நாட்டுப் படைகள் சேர்ந்து போகும்போது, அரசியல் தலைமையையும் ராணுவக் கட்டளையையும் எப்படிப் பங்கிட்டுக்கொள்கிறார்கள்? எல்லாரையும் ஒரே தளபதியின் கீழ் வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

ஒரே தளபதியின் கீழ்தான் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் தீரவில்லை. ஏறக்குறைய எல்லா அமைதிப்படைகளுக்கும் காகிதத்தில் ஒரு தளபதி உண்டு. அவருக்குக் கீழே நேபாளம், கானா, நெதர்லாந்து என்று பல நாட்டு பட்டாலியன்கள் (சில நூறு வீரர்கள் கொண்ட படைப்பிரிவுகள்) இருக்கும். ஒவ்வொரு பட்டாலியன் தளபதியின் மேசையிலும் இரண்டு தொலைபேசிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று படைத் தலைமையகத்துக்கு, இன்னொன்று அவருடைய சொந்தத் தலைநகருக்கு. ரோந்து, சோதனைச் சாவடி, உணவு லாரிக்குக் காவல் என்று போகும் சாதாரண நாட்களில் முதல் போன் மட்டும்தான் பேசும். ஆட்கள் சாகக்கூடும் என்ற நாள் வரும்போது இரண்டாவது போனை எடுப்பார்கள்.

அதனால் 'யார் தலைவர்' என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். 'தலைவர்கள் ஒத்துப்போகாத நாளில் தானாக என்ன நடக்கும்? வேலை நடக்குமா, நின்றுபோகுமா?' என்றுதான் எந்தப் படையைப் பார்த்தாலும் முதலில் கேட்டுப் பார்க்கிறேன். பாதி பதில் அதிலேயே வந்துவிடும்.

'கட்டளை' என்ற சொல்லை மட்டும் முதலில் கொஞ்சம் பிரித்துவிடலாம். ஒரு வீரனைச் சேர்ப்பது, சம்பளம் கொடுப்பது, பதவி உயர்த்துவது, தப்புச் செய்தால் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்துவது எல்லாம் முழுக் கட்டளை அதிகாரம். எந்த நாடும் இதை வெளியாருக்கு விட்டுக்கொடுப்பதில்லை. ஐநா தளபதிக்குக் கிடைப்பது செயல்பாட்டுக் கட்டுப்பாடு மட்டுமே. அதாவது, ஒப்புக்கொண்ட வேலைக்கு, ஒப்புக்கொண்ட பகுதியில், ஒப்புக்கொண்ட காலத்துக்கு அந்தப் படையை அவர் பயன்படுத்தலாம். உத்தரவை மீறிய மேஜரை அவர் தண்டிக்க முடியாது. அதிகம் போனால், 'இவரைத் திருப்பி அழைத்துக்கொள்ளுங்கள்' என்று நியூயார்க்கில் உள்ள ஐநா தலைமையகம் வழியாக அந்த நாட்டைக் கேட்கலாம். 1994 மே மாதம் அமெரிக்க ஜனாதிபதி கிளிண்டன் வெளியிட்ட கொள்கை உத்தரவு இதை ஒளிவுமறைவில்லாமல் எழுதிவைத்தது: தேவைப்பட்டால் செயல்பாட்டுக் கட்டுப்பாட்டை வெளிநாட்டுத் தளபதிக்குக் கொடுப்போம், கட்டளை அதிகாரத்தை ஒருபோதும் கொடுக்க மாட்டோம். அமெரிக்கா வாய்விட்டுச் சொன்னது, மற்ற நாடுகள் சொல்லாமல் செய்கின்றன. அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது தலைமையைப் பங்கிடும் முறைக்கு வருவோம். எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு, அமைதிப்படை என்ற பெயரே பழக்கத்தில் இல்லாத காலத்தைச் சேர்ந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரிட்டன், பிரான்ஸ் நான்கும் ஜெர்மனியையும் ஆஸ்திரியாவையும் பகுதி பிரித்துக்கொண்டு, ஜெர்மனிக்குப் பெர்லினிலும் ஆஸ்திரியாவுக்கு வியன்னாவிலும் மேலே ஒரு கூட்டு அவை வைத்தன. பெர்லின் அவையில் எந்த முடிவுக்கும் நான்கு பேரும் சம்மதிக்க வேண்டும். 1948 மார்ச் 20 அன்று சோவியத் மார்ஷல் சொக்கொலோவ்ஸ்கி கூட்டத்திலிருந்து எழுந்து போனார். அதோடு அந்த அவையின் வேலை முடிந்தது. சில மாதங்களில், மேற்கு பெர்லினுக்கான தரைவழிகளை சோவியத் தரப்பு அடைத்த பெர்லின் முற்றுகையும் வந்துவிட்டது.

வியன்னாவிலும் அதே நான்கு பேர்தான், அதே பகைதான். ஆனால் 1946 ஜூனில் செய்த ஒப்பந்தத்தில் ஒரு சின்ன மாற்றம் இருந்தது. அரசியல் சட்டத்தைத் தொடாத சாதாரணச் சட்டங்களை ஆஸ்திரிய நாடாளுமன்றம் நிறைவேற்றினால், 31 நாட்களுக்குள் நான்கு பேரும் ஒருமனதாக எதிர்த்தால் ஒழிய அவை தானாக நடைமுறைக்கு வரும். பெர்லினில் செய்வதற்கு ஒருமனம் வேண்டும். வியன்னாவில் தடுப்பதற்குத்தான் ஒருமனம் வேண்டும். சண்டை வந்தால் அங்கே எல்லாம் நின்றது, இங்கே வண்டி ஓடியது. வண்டி என்றது சும்மா உவமைக்குச் சொன்னதல்ல. வியன்னாவின் மையப் பகுதியில் நான்கு நாட்டு ராணுவப் போலீசார் ஒரே ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து ரோந்து போனார்கள். அந்தப் பகுதிக்கான தலைமை மாதம் ஒரு நாடாக மாறியது. பனிப்போர் முற்றிய ஆண்டுகளைத் தாண்டி, 1955இல் எல்லாரும் மூட்டை கட்டும் வரை அந்த ஏற்பாடு தாக்குப்பிடித்தது. அந்த நால்வருக்குள் நட்பு மலர்ந்ததால் அல்ல, பிணக்கு வந்தால் என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே சரியாக எழுதிவைத்ததால்.

இதற்கு நேர்மாறாக நடந்தது சோமாலியாவில். 1993இல் ஐநா படையின் தளபதி துருக்கியின் லெப்டினன்ட் ஜெனரல் செவிக் பிர். துணைத் தளபதி அமெரிக்க மேஜர் ஜெனரல் தாமஸ் மான்ட்கோமரி. அதே மான்ட்கோமரி அங்கிருந்த அமெரிக்கப் படைக்கும் தளபதி. அதாவது ஐநா வழியில் அவர் பிருக்குக் கீழே, அமெரிக்க வழியில் பிருக்குச் சம்பந்தமே இல்லை. இது போதாதென்று ஆகஸ்டில் வந்த அமெரிக்கச் சிறப்புப் படை மூன்றாவது வழி ஒன்றைக் கொண்டுவந்தது. அது மான்ட்கோமரிக்கும் கீழ்ப்பட்டதல்ல, நேராக அமெரிக்காவில் இருந்த தலைமையகத்துக்குப் பதில் சொன்னது. இத்தாலியர்களுக்கு வேறு கணக்கு. ஜூலையில் தங்கள் வீரர்கள் 3 பேர் கொல்லப்பட்ட பிறகு, உள்ளூர்ப் பெரியவர்களோடு பேசித் தீர்க்கலாம் என்று ரோம் நினைத்தது, அவர்களின் தளபதி புரூனோ லோயும் அப்படியே நடந்தார். ஐநா அமைதிப்படைத் துறைக்கு அப்போது பொறுப்பாக இருந்த கோஃபி அன்னான் அவரை மாற்றச் சொன்னார். ரோம் மறுத்துவிட்டது.

அக்டோபர் 3 அன்று, உள்ளூர்ப் போர்த்தலைவர் ஒருவரின் ஆட்களைப் பிடிக்கப் போன சிறப்புப் படை மாலையில் தலைநகர் மொகதிஷுவில் சிக்கிக்கொண்டது. இரண்டு ஹெலிகாப்டர்கள் விழுந்துவிட்டன. கனமான கவச வாகனங்கள் அமெரிக்கர்களிடம் இல்லை. மலேசியர்களிடமும் பாகிஸ்தானியர்களிடமும் இருந்தன. ஆனால் இப்படி ஒரு தாக்குதல் நடக்கப்போகிறது என்பதே அந்த இரு நாட்டுக்காரர்களுக்கும் தெரியாது. தளபதிகளைத் தேடிப் பிடித்து, திட்டம் போட்டு, மொழி தெரிந்தவர்களை வைத்துப் பேசிப் புறப்படவே நள்ளிரவு நெருங்கிவிட்டது. கிளம்பும் நேரத்தில் மலேசியக் காலாட்படையினரைத் தங்கள் சொந்தக் கவச வாகனங்களிலிருந்து இறங்கச் சொன்னார்கள். உள்ளே அமெரிக்கக் காலாட்படையினர் ஏறினார்கள். ஓட்டுநரும் துப்பாக்கி இயக்குபவரும் வண்டித் தலைவரும் மட்டும் மலேசியர்கள். இருட்டில், எறிகுண்டுகள் பறக்கும் தெருவில், முன்னே இருப்பவன் ஒரு மொழி, பின்னே இருப்பவன் ஒரு மொழி. அந்தச் சண்டையில் 18 அமெரிக்கர்களும், மீட்கப் போனதில் ஒரு மலேசிய வீரரும் இறந்தார்கள். சோமாலியரின் சாவு நூற்றுக்கணக்கில். அமெரிக்காவில் எழுந்த கோபம் பெருமளவு ஐநா மேல் திரும்பியதுதான் விசித்திரம். அந்தத் தாக்குதலுக்கு உத்தரவிட்டது ஐநா அல்ல. மேலே சொன்ன 1994 உத்தரவின் பின்னால் இந்த இரவும் இருக்கிறது.

1992 முதல் 1995 வரை நடந்த பொஸ்னியப் போரின் 'இரட்டைச் சாவி'யைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தரையில் ஐநா படை, வானில் நேட்டோ விமானங்கள். குண்டு போட வேண்டுமென்றால் இரு தரப்பும் தத்தம் சாவியைத் திருப்ப வேண்டும். ஐநாவின் சாவி பொதுச்செயலாளரின் சிறப்புப் பிரதிநிதி யசுஷி அகாஷியிடம் இருந்தது. இது முட்டாள்தனமான ஏற்பாடு என்று எல்லாரும் எழுதுகிறார்கள். என் கருத்து கொஞ்சம் வேறு. யாரும் தெரியாமல் செய்த தவறல்ல அது. தரையில் இலகு ஆயுதங்களோடு வீரர்களை அனுப்பியிருந்த பிரிட்டன், பிரான்ஸ் போன்ற நாடுகளுக்கு ஒரு பிரேக் தேவைப்பட்டது. விமானம் குண்டு போட்டால் பதிலடி விழுவது அவர்களின் பையன்கள் மேல். தரையில் ஆளே இல்லாத அமெரிக்கா குண்டு போடச் சொல்வது சுலபம். அந்த அவநம்பிக்கையைத்தான் இரண்டு சாவிகளாகச் செய்துவைத்தார்கள். ஒத்துப்போகாவிட்டால் விமானம் போகாது என்பதுதான் அதன் நோக்கமே.

1995 ஜூலை 11, ஸ்ரெப்ரெனிட்சா. ஐநா 'பாதுகாப்பான பகுதி' என்று அறிவித்த ஊர். உள்ளே சில நூறு டச்சு வீரர்கள். பொஸ்னிய செர்பியப் படை நெருங்குகிறது. முந்தைய நாளே விமான உதவி கேட்டார்கள். ஐநா படைகளின் தளபதி பிரெஞ்சு ஜெனரல் பெர்னார் ஜான்வியே தயங்கினார், நேரம் போனது. 11ஆம் தேதி காலையிலிருந்து வானில் காத்துக்கொண்டிருந்த விமானங்கள் எரிபொருள் குறைந்து இத்தாலித் தளத்துக்குத் திரும்பின. மதியம் 2.40 மணிக்கு இரண்டு டச்சு எஃப்-16 விமானங்கள் இரண்டு குண்டுகள் போட்டன. உடனே செர்பியத் தரப்பிலிருந்து மிரட்டல் வந்தது: தாக்குதல் தொடர்ந்தால் எங்களிடம் பிடிபட்டிருக்கும் டச்சு வீரர்களைக் கொல்வோம். அப்புறம் நடந்ததைக் கவனியுங்கள். நெதர்லாந்தின் பாதுகாப்பு அமைச்சர் அகாஷியின் அலுவலகத்துக்கே போன் செய்து தாக்குதலை நிறுத்தச் சொன்னார். நான் முதலில் சொன்ன இரண்டாவது போன் இதுதான். அடுத்த நாட்களில் 8,000க்கும் மேற்பட்ட பொஸ்னிய முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள்.

இதன் தொடர்ச்சியை அதிகம் பேர் சொல்வதில்லை. ஏழு வாரம் கழித்து, ஆகஸ்ட் 30 அன்று, நேட்டோ பெரிய அளவில் குண்டு வீசத் தொடங்கியது. அப்போதும் இரட்டைச் சாவி ரத்தாகவில்லை. இரண்டு விஷயங்கள்தான் மாறியிருந்தன. ஐநாவின் சாவி சிவில் அதிகாரியிடமிருந்து களத் தளபதியிடம் கைமாறியிருந்தது. ஜான்வியே ஊரில் இல்லாததால் பொஸ்னியத் தலைநகர் சரயேவோவில் இருந்த பிரிட்டன் ஜெனரல் ரூபர்ட் ஸ்மித் அதைத் திருப்பினார். இன்னொன்று, கொராஷ்டே என்ற ஊரில் பணயமாகச் சிக்கக்கூடிய நிலையில் இருந்த பிரிட்டன் வீரர்கள் வெளியேறும் வரை அவர் காத்திருந்தார். பூட்டு பழைய பூட்டுதான். பயப்படக் காரணமான ஆட்களை முதலில் வெளியே எடுத்ததும் அது திறந்துகொண்டது. கட்டளை அமைப்பைத் திருத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புபவர்களுக்கு நான் இந்த இரண்டு நாட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவது வழக்கம்.

அதே பொஸ்னியாவில்தான் ஓர் அருமையான பங்கீடும் நடந்தது. 1995 டிசம்பரில், போரை முடித்த டேட்டன் ஒப்பந்தத்தை நிறைவேற்ற நேட்டோ தலைமையில் ஏறத்தாழ 60,000 பேர் கொண்ட படை வந்தது. ரஷ்யாவையும் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் செர்பியர்கள் நம்ப மாட்டார்கள். ஆனால் ரஷ்யப் படை நேட்டோவின் கீழ் நிற்பதை மாஸ்கோ ஏற்காது. நேட்டோவோ தனக்குக் கீழ்ப்படாத படையைத் தன் பகுதிக்குள் விடாது. எப்படி அவிழ்த்தார்கள்? ஐரோப்பாவுக்கான நேட்டோ தலைமைத் தளபதி ஜெனரல் ஜார்ஜ் ஜூல்வான், அதே சமயம் ஐரோப்பாவில் உள்ள அமெரிக்கப் படைகளுக்கும் தளபதி. ஆக, ரஷ்யர்கள் நேட்டோவின் ஜூல்வானுக்குக் கீழே இல்லை, அமெரிக்க ஜெனரல் ஜூல்வானுக்குக் கீழே! ரஷ்யப் படை பற்றிய விஷயங்களில் அவருக்குத் துணைத் தளபதியாக ரஷ்ய ஜெனரல் லியோந்தி ஷெவ்ட்சோவ் பெல்ஜியத்தில் இருந்த நேட்டோ தலைமையகத்திலேயே வந்து உட்கார்ந்தார். உத்தரவு அவர் வழியாகப் போகும். களத்தில் அன்றாட வேலைக்கு ரஷ்ய பிரிகேட், வடக்குப் பகுதியின் அமெரிக்கத் தளபதி வில்லியம் நாஷ் சொல்வதைக் கேட்கும். ஒரே மனிதர், இரண்டு தொப்பி. மாஸ்கோவில் ஒரு தொப்பியைக் காட்டலாம், பிரஸ்ஸல்ஸில் இன்னொன்றைக் காட்டலாம். கேட்பதற்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் இரு தரப்பும் தம் வீட்டில் தலைநிமிர்ந்து சொல்ல ஒரு வாக்கியம் கிடைத்தது. ரஷ்யர்களும் பொஸ்னியாவில் பல ஆண்டுகள் கூடவே ரோந்து போனார்கள்.

டேட்டனின் பலவீனம் வேறு பக்கத்தில். ராணுவத்தை ஒரு கையில் கொடுத்தவர்கள், சிவில் பொறுப்பை 'உயர் பிரதிநிதி' என்ற தனி அதிகாரியிடம் கொடுத்து, அவருக்கு ராணுவத்தின் மேல் எந்த அதிகாரமும் கிடையாது என்று எழுத்திலேயே போட்டுவிட்டார்கள். முதல் உயர் பிரதிநிதி ஸ்வீடனின் கார்ல் பில்ட். 1996 தொடக்கத்தில் சரயேவோவின் செர்பியப் புறநகர்கள் கைமாறியபோது, போகிறவர்கள் வீடுகளைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். போகாதவர்களை மிரட்டிக் கிளப்பினார்கள். 60,000 வீரர்கள் இருந்த நாட்டில், 'இது போலீஸ் வேலை, எங்கள் வேலை அல்ல' என்று படை ஒதுங்கி நின்றது. ஐநா போலீசாரிடம் ஆயுதமே கிடையாது. உயர் பிரதிநிதிக்கு உத்தரவிடும் அதிகாரம் இல்லை. 1997 டிசம்பரில், ஒப்பந்தத்தை மேற்பார்த்த நாடுகள் ஜெர்மனியின் பான் நகரில் கூடித்தான் அவருக்குச் சட்டம் போடவும் அதிகாரிகளை நீக்கவும் அதிகாரம் கொடுத்தார்கள். அப்போதும் படை மட்டும் அவர் கைக்கு வரவில்லை.

1999இல், செர்பியாவின் மாகாணமாக இருந்த கொசோவோவில் அதே நேட்டோ கூட்டணிக்குள் நடந்த உரசல் பிரபலம். நேட்டோ படை நுழையவிருந்த ஜூன் 12 அன்று விடிவதற்குள், பொஸ்னியாவிலிருந்து கிளம்பிய சுமார் 200 ரஷ்ய வீரர்கள் கொசோவோ தலைநகர் பிரிஷ்டினாவின் விமான நிலையத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். நேட்டோ தலைமைத் தளபதி வெஸ்லி கிளார்க், ஓடுபாதையை ஹெலிகாப்டர்களாலும் கவச வாகனங்களாலும் மறிக்கச் சொன்னார். களத் தளபதியான பிரிட்டன் ஜெனரல் மைக் ஜாக்சன் மறுத்தார். உங்களுக்காக மூன்றாம் உலகப் போரைத் தொடங்க மாட்டேன் என்று அவர் சொன்னது ஊரறிந்த கதை. ஊர் அதிகம் கவனிக்காதது அடுத்த கட்டம். ஜாக்சன் வெறும் முறைப்பாக இதை நிறுத்தவில்லை. லண்டனில் இருந்த தன் ராணுவத் தலைவருக்குப் போன் போட்டார், பேசினார், கிளார்க்கையும் பேச வைத்தார். லண்டன் ஒப்பவில்லை. வாஷிங்டனும் கிளார்க்கின் பின்னால் உறுதியாக நிற்கவில்லை. உத்தரவு அப்படியே உதிர்ந்துபோனது. கூட்டணிப் படைகளில் இதற்குச் 'சிவப்பு அட்டை' என்றே பெயர் உண்டு. ஒவ்வொரு நாட்டின் மூத்த அதிகாரியிடமும் ஓர் அட்டை இருக்கும்: இந்த உத்தரவு என் நாட்டின் சட்டத்துக்கோ கொள்கைக்கோ ஒத்துவராது என்று காட்டலாம். ஸ்ரெப்ரெனிட்சாவில் ஊரைக் கைவிட வைத்த அதே இரண்டாவது போன், பிரிஷ்டினாவில் ஒரு பெரிய விபரீதத்தைத் தடுத்தது. அதனால்தான் அதைப் பிடுங்கிவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ரஷ்யர்களோ, பக்கத்து நாடுகள் தங்கள் வான்வெளியைத் திறக்காததால் கூடுதல் படை வராமல், தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் திண்டாடிப்போனார்கள். சில நாட்களில் அமெரிக்காவும் ரஷ்யாவும் ஹெல்சிங்கியில் பேசி முடித்தார்கள்.

சிவப்பு அட்டையாவது வெளிப்படையாகக் காட்டுவது. தொந்தரவு பிடித்தவை, முன்கூட்டியே பதிவாகும் விலக்கு நிபந்தனைகள்: எங்கள் வீரர்கள் இரவில் வெளியே போக மாட்டார்கள், கூட்டத்தைக் கலைக்க மாட்டார்கள், எங்கள் பகுதியைத் தாண்ட மாட்டார்கள். 2004 மார்ச்சில் கொசோவோவில் கலவரம் வெடித்து 19 பேர் இறந்தபோது, ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குப் படையை நகர்த்த முடியாமல் தளபதி கையைப் பிசைய வேண்டியிருந்தது. ஆப்கானிஸ்தானில் இது இன்னும் பெரிய அளவில் நடந்தது. நேட்டோ தலைமையிலான படை ஒருபுறம், அமெரிக்கா தனியாக நடத்திய படை மறுபுறம், ஒரே மாகாணத்துக்குள் இரண்டு கட்டளை வழிகள்.

எல்லாம் சொதப்பல்தானா என்றால், இல்லை. கிழக்குத் திமோர் இருக்கிறது. 1999 செப்டம்பரில், இந்தோனேசியாவிடமிருந்து சுதந்திரத்துக்கு மக்கள் வாக்களித்ததும் ஊர்கள் எரிந்தன. பாதுகாப்புச் சபை செப்டம்பர் 15 அன்று தீர்மானம் போட்டது, 20ஆம் தேதி படை தலைநகர் டிலியில் இறங்கிவிட்டது. ஐந்தே நாள்! காரணம், ஆஸ்திரேலியா தலைமை ஏற்றுப் படையில் ஏறக்குறைய பாதியைத் தானே கொடுத்தது. தளபதி மேஜர் ஜெனரல் பீட்டர் காஸ்கிரோவ். ஆனால் இந்தோனேசிய ராணுவம் இன்னும் அங்கேயே இருந்தது. அவர்களுக்கு ஆஸ்திரேலியர்கள் மேல் கடுங்கோபம். அங்கேதான் துணைத் தளபதியாக இருந்த தாய்லாந்தின் மேஜர் ஜெனரல் சோங்கிட்டி முக்கியமாகிறார். அதே வட்டார நாட்டு ஜெனரல் என்பதால் இந்தோனேசியர்கள் அவரோடு பேசுவார்கள். அவருக்குக் கொடுத்தது அலங்காரப் பதவி அல்ல, ஆஸ்திரேலியர் செய்ய முடியாத வேலை. மற்ற நாடுகள் படை அனுப்ப உதவிய ஐநா நிதியில் பெரும்பங்கு, 10 கோடி டாலர், ஜப்பான் கொடுத்தது. 2000 பிப்ரவரியில் பொறுப்பு ஐநா படைக்கு மாறியபோது தளபதியானவர் பிலிப்பைன்ஸ்காரர். களத்தில் முடிவெடுக்கும் கை ஒன்றே ஒன்று. மற்றவர்களுக்குக் கொடுத்த இடங்களும் வெறும் நாற்காலிகளல்ல. பங்கீடு என்றால் இதைத்தான் காட்டுவேன்.

தமிழில் இந்தப் பேச்சு வந்தால் இந்திய அமைதிப்படையைக் கேட்காமல் விட மாட்டார்கள். 1987 முதல் 1990 மார்ச் வரை இலங்கையில் இருந்த அந்தப் படைக்கும் ஐநாவுக்கும் தொடர்பில்லை. ஒரே நாடு, ஒரே கொடி, பங்கிட வேறு யாரும் இல்லை. அப்படியும் டெல்லி ஒரு பக்கம், கொழும்பில் தூதரகம் ஒரு பக்கம், சென்னையில் ஒட்டுமொத்தத் தளபதியின் தலைமையகம் ஒரு பக்கம், களத்தில் டிவிஷன் தளபதி ஒரு பக்கம் என்று இழுபறிதான். அழைத்த நாட்டின் சம்மதம் என்ற சாவி வேறு தனியாக இருந்தது. 1989 ஜூலை 29க்குள் கிளம்புங்கள் என்று ஜனாதிபதி பிரேமதாசா கெடு வைத்தபோது அது தெரிந்தது. பல நாடுகள் சேர்வதால்தான் குழப்பம் என்று நினைப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

யார் சொல்வது, யார் சாவது என்ற கணக்கும் ஒன்று உண்டு. தீர்மானம் எழுதுவது பாதுகாப்புச் சபை. செலவில் பெரும்பங்கு அமெரிக்கா, சீனா, ஜப்பான், ஐரோப்பா. வீரர்களோ நேபாளம், வங்கதேசம், இந்தியா, ருவாண்டா, பாகிஸ்தான். நியூயார்க்கில் அமைதிப்படைத் துறையின் தலைமைப் பதவி 1997 முதல் பிரெஞ்சுக்காரர் கையில். படை கொடுக்கும் நாடுகள், படைக்கான பாதுகாப்புச் சபை ஆணை மாறும்போது எங்களையும் கேளுங்கள் என்று பல ஆண்டுகள் கேட்டு, 2001இல் கலந்தாலோசனைக்கு ஒரு தீர்மானம் வாங்கின. ஆலோசனைதான், வாக்கு அல்ல. 2006இல் லெபனானுக்கு இத்தாலியும் பிரான்ஸும் ஆயிரக்கணக்கில் படை அனுப்ப முன்வந்தபோது நடந்ததைப் பாருங்கள். ஐநாவின் வழக்கமான அமைப்பை நம்ப முடியாது என்று சொல்லி, அந்த ஒரு படைக்கு மட்டும் நியூயார்க்கில் தனி ராணுவப் பிரிவு கேட்டார்கள், உடனே கிடைத்தது. தெற்காசிய நாடுகள் அத்தனை ஆண்டு கேட்டும் கிடைக்காதது. இதில் எனக்கு இன்னும் ஆற்றாமை உண்டு.

ஐநாவுக்கே சொந்தமாக ஒரு படை வைத்துவிட்டால்? சாசனத்தின் 43ஆம் விதி ஏறக்குறைய அதைத்தான் நினைத்தது. ஐந்து வல்லரசுகளின் ராணுவத் தலைவர்கள் கொண்ட குழு கட்டளையைப் பார்த்துக்கொள்ளும் என்று 47ஆம் விதி சொல்கிறது. 1947இலேயே அந்தக் குழு முட்டிக்கொண்டு நின்றது. இன்றும் பெயருக்குக் கூடிக் கலைகிறது.

கடைசியாக ஜூபா. தெற்கு சூடானின் தலைநகரில் 2016 ஜூலையில் ஜனாதிபதியின் படையும் துணை ஜனாதிபதியின் படையும் மோதின. ஐநா முகாமில் சீனா, எத்தியோப்பியா, நேபாளம், இந்தியா என நான்கு நாட்டுப் படைகள் இருந்தன. தளபதி கென்யாவின் லெப்டினன்ட் ஜெனரல் ஜான்சன் ஒண்டியேக்கி. பதவிக்கு வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. நெருக்கடி நேரத்தில் அவர் சீன பட்டாலியன் தளபதியை மற்ற எல்லாருக்கும் மேலே வைத்தார். ஏற்கெனவே அந்தப் பகுதிக்கென்று ஒரு தளபதி இருந்தும். நான்கு படைகளும் ஒன்றாக இயங்கவே இல்லை. ஜூலை 10 அன்று நடந்த தாக்குதலில் இரண்டு சீன வீரர்கள் பலியானார்கள். ஜூலை 11 பிற்பகல், முகாமிலிருந்து சுமார் 1.2 கிலோமீட்டரில் உள்ள டெர்ரெய்ன் விடுதிக்குள் அரசுப் படையினர் புகுந்தார்கள். தொண்டு ஊழியர்கள் தங்கியிருந்த இடம். அடித்தார்கள், பாலியல் வன்முறை செய்தார்கள், ஓர் உள்ளூர்ப் பத்திரிகையாளரைச் சுட்டுக் கொன்றார்கள். உள்ளேயிருந்தவர்கள் போனிலும் குறுஞ்செய்தியிலும் உதவி கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தலைமையகம் ஒவ்வொரு படையாகக் கேட்டது. ஒவ்வொருவரும், கைவசம் ஆள் இல்லை, இங்கேயே தேவைப்படுகிறார்கள் என்றார்கள். ஒருவரும் கிளம்பவில்லை.

ஐநா விசாரணைக்கு ஓய்வுபெற்ற டச்சு ஜெனரல் பாட்ரிக் காமர்ட்டை நியமித்தது. அறிக்கை நவம்பர் 1 அன்று வந்தது, அன்றே தளபதி நீக்கப்பட்டார். நகராமல் நின்ற நான்கு நாடுகளின் படைகள் ஜூபாவிலேயே தொடர்ந்தன. அடுத்த நாள் கென்யா, தன் ஜெனரலைப் பலிகடா ஆக்கிவிட்டார்கள் என்று சொல்லி, அதே நாட்டின் இன்னொரு பகுதியில் இருந்த தன் வீரர்கள் ஆயிரம் பேரையும் திரும்ப அழைப்பதாக அறிவித்தது.